ஓரிதழ்த் தாமரையின் வேர்

கிட்ட வாருங்கள், என் செல்லங்களே. கதவடியில் நிற்கிறவர் குளிர்ச் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வாருங்கள். ரேடியேட்டர் பக்கம் பிள்ளைகளுக்கு விடுங்கள். பெரியவர்களுக்குத் தேத்தண்ணீர்ச் சூடு போதும். இன்றைக்கு ஒரு வைத்தியனுடைய கதை சொல்லப் போகிறேன். பிறந்தது ஜெர்மனியில், வெயில் பட்டது மட்டக்களப்பில், மாண்டது நடுக்கடலில். அவன் விட்டுப்போன ஒரு வேலையை இங்கே நம் புரோசார்ட் ஊரில் கேக்குக்கு ஐசிங் போடுகிற ஒரு பெண் கையில் எடுத்தாள். இரண்டு கதையையும் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. சேர்த்தே சொல்கிறேன், கேளுங்கள்.

அந்தப் பெண்ணின் பெயர் சுதாஜினி. ஊர் மட்டக்களப்பு. பிறந்தநாள், சாமத்தியச் சடங்கு, கல்யாணம் எதுவென்றாலும் தமிழ் ஆட்கள் கேக்குக்கு வருவது அவள் வேலை செய்யும் பேக்கரிக்குத்தான். வருகிறவர்கள் தொலைபேசியை நீட்டி, "இதே மாதிரி வேணும்" என்பார்கள். மயில் என்றால் மயில், கார் என்றால் கார். கேக்கைப் பார்த்ததும் "அச்சு அசல்!" என்று வாயில் கை வைப்பார்கள். சின்ன வயதில், நாட்காட்டியில் இருந்த லட்சுமியைப் பார்த்துப் படம் கீறிப் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியபோது அந்தச் சொல் அவளுக்கு இனித்தது. நாற்பதைத் தாண்டிய பிறகு அதே சொல் மீன்முள் மாதிரித் தொண்டையில் குத்தத் தொடங்கியது.

ஒருநாள் கணவன் சாம்பவனிடம் சொன்னாள். "இத்தின வருசமா நான் கீறினதெல்லாம் வேற ஆரோ பாத்தது. என்ர கண்ணால பாத்து ஒண்டுமே கீறயில்ல."

"அதுக்கென்ன? சனம் சந்தோசமாச் சாப்பிட்டிட்டுத்தானே போகுது."

"அதத்தான் சொல்றன். கீறினதும் மிஞ்சயில்ல."

சாம்பவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

அந்தப் பங்குனியில் கயல் என்றொரு பெண் பேக்கரிக்கு வந்தாள். தமிழ்நாட்டுப் பிள்ளை, சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் இருக்கிற பல்கலைக்கழக விவசாய வளாகத்தில் செடிகளைப் பற்றிப் படிக்கிறவள். தன் குழுவினருக்கு ஒரு கேக் வேண்டும் என்று தொலைபேசியில் ஒரு பழைய படத்தைக் காட்டினாள். மெல்லிய செடி ஒன்று; கத்தி போல ஒடுங்கிய இலைகள், ரோஜா நிறத்தில் ஒரே ஒரு பெரிய இதழோடு பூ, பக்கத்தில் விதை. மண்ணுக்கு ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே வெறும் காகிதம்.

சுதாஜினி அப்படியே ஐசிங்கில் இறக்கிவிட்டு நிமிர்ந்தாள். "இது ஓரிதழ்த் தாமரை. எங்கட ஊர் மணலில நிக்கிறது. வேர் எங்க?"

"அவரு வரையலக்கா. அது ஒரு பெரிய கதை."

"சொல்லுங்க. ஐசிங் இறுகட்டும்."

கயல் சொன்னாள். நான் என் வாயால் உங்களுக்குச் சொல்கிறேன்.

முந்நூற்றைம்பது வருடங்களுக்கு முன்னால் ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில் லோரென்ஸ் வைடன்பாக் என்று ஒருவன் இருந்தான். தகப்பன் முடி வெட்டுகிறவர். அதே கத்தியால் கட்டி கீறுவார், அதே கதிரையில் பல்லும் பிடுங்குவார். மகன் வைத்தியம் படிக்கப் போனான். அங்கே பேராசிரியர்கள் பழைய புத்தகங்களை உரக்க வாசிப்பார்கள், மாணவர்கள் தலையாட்டுவார்கள். மருந்துச் செடிகளைப் பற்றி நாள் முழுக்கப் பேச்சு. குனிந்து ஒரு புல்லைப் பார்த்தவர் கிடையாது. புத்தகத்தில் இருந்த படங்களோ, பார்த்துக் கீறியதைப் பார்த்துக் கீறியவை. தகப்பனைப் பார்த்து மகனையும், மகனைப் பார்த்துப் பேரனையும் கீறிக்கொண்டே போனால் மூக்கு எங்கே போய் நிற்கும், சொல்லுங்கள்?

படித்து முடித்த புதிதில் ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு வைத்தியம் பார்க்கப் போனான். புத்தகத்தை விரித்து, "இந்த வேர்" என்று படத்தில் விரல் வைத்துக் காட்டினான். மருந்துக்கடைக்காரர் அந்தப் படத்தைப் போலவே இருந்த ஒரு வேரைத் தோண்டிக் கொண்டுவந்தார். அது வேறு வேர். குடித்த அன்றைக்கே அவள் போய்விட்டாள், வயிற்றில் இருந்ததும் போய்விட்டது. ஊரில் யாரும் அவனைக் குற்றம் சொல்லவில்லை. புத்தகத்தில் இருந்ததைத்தானே காட்டினான்? ஆனால் விரல் அவனுடையதல்லவா!

அன்றைக்கு அந்தப் புத்தகத்தை மூடினவன் திரும்பத் திறக்கவில்லை. தனக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டான். கண் காணாததைக் கை கீறக்கூடாது. தளிரைக் கண்ட நாளில் தளிர், பூத்த நாளில் பூ, காய் வெடித்த நாளில் விதை, எல்லாம் ஒரே தாளில் வரவேண்டும். கடைசியில்தான் வேர், பிடுங்கிய செடி மறுபடி பூக்காது அல்லவா? இப்படி ஒரு செடிக்கு ஒரு வருடம் காத்திருப்பான். "வைடன்பாக்கிடம் வயிற்றுவலிக்குப் போனால் செடி பூக்கும் வரைக்கும் வலியைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்" என்று மற்ற வைத்தியர்கள் கேலி பேசினார்கள். பேசட்டும் என்று டச்சுக்காரராகிய ஒல்லாந்தரின் கப்பலில் ஏறினான், எந்தப் புத்தகத்திலும் இல்லாத செடிகளைத் தேடி.

அந்தக் கப்பல் மட்டக்களப்பில் கொண்டுவந்து இறக்கியது. கோட்டைச் சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்ப்பான், மிச்ச நேரம் வாவிக்கரையில் முழங்காலில் நிற்பான். ஒரு வறட்சிக் காலத்தில் இந்த ஓரிதழ்த் தாமரை ஒன்றே ஒன்றைக் கண்டான். ஆடு கடிக்காமல் முள் வேலி போட்டு, இலையைக் கீறி, பூவைக் கீறி, விதையையும் கீறி முடித்தான். நாளைக்கு வேர் என்று இருந்தபோது ஒரு மீன்காரன் காய்ச்சலில் கிடந்த மனைவியைத் தோணியில் தூக்கிக்கொண்டு வந்தான். இந்தச் செடியை வேரோடு அவித்துக் கொடுப்பது எங்கள் வழக்கம், எங்கும் கிடைக்கவில்லை என்று அழுதான். வைடன்பாக் வேலியைப் பிரித்தான், பிடுங்கினான், கழுவினான், பானைக்குள் போட்டான். அந்தத் தாளில் அவன் எழுதி வைத்தது இவ்வளவுதான்: 'வேரைப் பார்த்தேன். கீற நேரமில்லை. அவள் எழுந்து நடந்தாள்.'

"பிறகு நினைவுல இருந்து வரைஞ்சிருக்கலாமே?" என்று, பக்கத்தில் கேட்டுக்கொண்டு நின்ற பேக்கரி முதலாளி குறுக்கே கேட்டார்.

"அதுவும் காப்பிதானே சார், அவரப் பொறுத்தவரைக்கும்," என்றாள் கயல். "மழை வந்து வேற செடி முளைக்கிறதுக்கு முன்னாடியே கப்பல் கிளம்பிடுச்சு. போற வழியில ஜுரம் வந்து செத்துட்டார்."

அவனுடைய தாள்கள் கை மாறி, நாடு மாறி, கடைசியில் அந்த வளாகத்து நூலகத்துக்கு வந்து சேர்ந்தன. வருகிற கார்த்திகையில் அங்கே அவனைப் பற்றிக் கண்காட்சி. முடியாமல் போன ஒவ்வொரு தாளுக்கும் பக்கத்தில் அதே செடியை அவனுடைய முறைப்படி இன்றைக்கு ஒருவர் முழுதாகக் கீறி வைக்க வேண்டும். மற்றச் செடிகளுக்கெல்லாம் ஆள் கிடைத்துவிட்டது. இதற்கு மட்டும் இல்லை, ஏனென்றால் உயிரோடு செடி இல்லை. விதை கொஞ்சம் பல்கலைக்கழகத்துச் சேகரிப்பில் இருந்ததாம்.

சுதாஜினி கையைத் துடைத்தாள். "நான் கீறுறன்."

கயல் கேக்கைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "கீறலாம்கா. ஆனா ஃபோட்டோ பாத்து வரையக் கூடாது. அது கண்டிஷன்."

"அதுக்காகத்தானே புள்ள கேக்கிறன்."

விதைகளில் ஒன்றுதான் முளைத்தது. சுதாஜினியின் வீட்டுத் தெற்கு ஜன்னலில் தொட்டி ஏறி உட்கார்ந்தது. வேலையால் வந்து கோட்டைக் கூடக் கழற்றாமல் அதன் முன்னால் குந்துவாள். முதலில் இலை. கீறிக் கீறிக் கிழித்தாள். ஐசிங் பழகிய கை எல்லா இலையையும் ஒரே அச்சில் வார்க்கப் பார்த்தது. செடியிலோ ஓர் இலை மாதிரி மற்ற இலை இல்லை. ஒன்று முறுகி நின்றது, ஒன்றில் விளிம்பு தேய்ந்திருந்தது. ஆடி மாதத்தில்தான் ஒரு கிளை அவளுக்கு ஒழுங்காக வந்தது. அன்றைக்குச் சோறு இறக்கவும் மறந்து இருந்தாள்.

"இந்தப் புல்லுக்கு நானும் வணக்கம் சொல்லிட்டுத்தான் வேலைக்குப் போகணுமா?" என்றான் சாம்பவன்.

"சொன்னாக் குறைஞ்சு போயிருவீங்களோ?"

அவர்கள் மேல் வீட்டில். கீழ் வீட்டில் சாம்பவனின் அக்கா ஞானாம்பிகை; சுதாஜினிக்கு மச்சாள். கார்டெரி என்கிற குழந்தைகள் காப்பகம் ஒன்றில் பிள்ளைகளுக்குச் சமைக்கிறவள். வாய் பெரிது, மனம் அதைவிடப் பெரிது. மேல் வீட்டுக் கதவுத் திறப்பு அவளிடமும் ஒன்று இருந்ததால், சுதாஜினி வேலைக்குப் போன நாட்களில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது அவள்தான்.

புரட்டாதியில் ஒரே ஒரு மொட்டு வந்தது. அது நுனி சிவந்து நின்ற வெள்ளிக்கிழமை சுதாஜினிக்குக் கல்யாணக் கேக் ஒன்று கொண்டுபோக வேண்டி இருந்தது. போகாமல் இருக்க முடியவில்லை. மாலையில் படியேறி ஓடி வந்தாள். தொட்டியில் பூ இல்லை. காம்பில் பச்சையாகக் கிள்ளிய இடம் இருந்தது.

"மச்சாள்!"

ஞானாம்பிகை திருநீறு மணக்க மேலே வந்தாள். "பூத்திட்டு புள்ள! என்ன வடிவு! நான்தான் கிள்ளிப் பிள்ளையாருக்கு வெச்சன். உன்ட படம் நல்லா வரோணுமெண்டு விளக்கும் கொழுத்தினன்."

சுதாஜினி காம்பைத் தொட்டுப் பார்த்தாள். "ஏன் மச்சாள்?"

"முதல் பூ சாமிக்குத்தானே? எங்கட வீட்டில முதல் மல்லிகையும் அவருக்கு, முதல் கத்தரிக்காயும் அவருக்கு. நான் என்ன, என்ர கொண்டையிலயா வெச்சன்?"

"பிள்ளையார் கேட்டவரா?"

"அவர் எங்க வாய் திறந்து கேக்கப் போறார்? நாமதான் அறிஞ்சு குடுக்கோணும்."

"இந்த ஒரு பூவுக்காக நான் இத்தின மாசமாக் காத்திருந்தனான், மச்சாள்."

ஞானாம்பிகை கீழே போய்ப் பூவை எடுத்து வந்தாள். விளக்குச் சூட்டில் அது சுருண்டு, நனைந்த பட்டுத்துணி மாதிரிக் கிடந்தது. சுதாஜினி அதைக் கையில் வாங்கவில்லை.

அப்போதுதான் சாம்பவன் தொண்டையைச் செருமினான். "சுதா, நான் காலையில ஒரு ஃபோட்டோ எடுத்தனான். நல்லா விழுந்திருக்கு."

"காட்டாதீங்க."

"பாக்கிறதில என்ன..."

"காட்டாதீங்க எண்டுறன்!"

பகல் சுருங்கிக்கொண்டிருந்தது. கயல் செடிகளுக்கான விளக்கொன்றைக் கொண்டுவந்து பொருத்தினாள். "இன்னொரு மொட்டு வரும்கா. எப்பன்னு சொல்ல முடியாது." மச்சாள் வருவதை நிறுத்தவில்லை. காலையில் கார்டெரிக்குப் போகுமுன் மேலே வந்து, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, செடியை எட்டி நின்று பார்த்துவிட்டுப் போவாள். மன்னிப்பு என்ற சொல் அவள் வாயில் வரவில்லை. சுதாஜினியும் கேட்கவில்லை. ஒருநாள் அந்தக் கோத்த கையைக் கண்டு சுதாஜினிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"கையை விடுங்க மச்சாள். பொலிஸ் பிடிச்ச மாதிரி நிக்கிறீங்க."

"இதுகளை நம்ப ஏலாது புள்ள. பூவைக் கண்டா தன்பாட்டில போகுதுகள்."

ஐப்பசி முடியும் தறுவாயில் மொட்டுகள் கட்டின, மிளகளவில். அந்த வாரத்தில்தான் கயலின் அழைப்பும் வந்தது. குரல் சரியில்லை.

"அக்கா, வெள்ளிக்கிழமைக்குள்ள படம் வேணுமாம். இல்லன்னா அந்த இடத்துல வேற படம் மாட்டிடுவாங்க. ஒருத்தர் வரைஞ்சு குடுத்துட்டார்."

"அவருக்குச் செடி எங்கால?"

"காஞ்ச செடிக்கா. அழுத்தி வச்சது. கலர் புத்தகத்தப் பாத்து போட்டிருக்கார்."

புத்தகத்தைப் பார்த்து! அந்த வைத்தியனுடைய தாளுக்குப் பக்கத்தில்! சுதாஜினிக்குக் காது சூடேறியது. மொட்டைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமைக்கு அது விரியாது.

சாம்பவன் தொலைபேசியை மேசையில் வைத்தான். திரையில் பூ. இந்த முறை அவள் தடுக்கவில்லை. பென்சிலை எடுத்தாள். ஒரே இழுப்பில் இதழின் வளைவு வந்து விழுந்தது, கொஞ்சமும் பிசகாமல். கை குதூகலித்தது, இது அதற்குத் தெரிந்த வேலை. சாம்பவன் எட்டிப் பார்த்து, "அச்சு அச..." என்று தொடங்கி, அவள் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டான்.

அவள் அழிறப்பரை எடுத்து, காகிதம் கிழியாமல், தடமே தெரியாமல் அதை அழித்தாள். பிறகு கயலை அழைத்தாள்.

"புள்ள, வெள்ளிக்கிழமைக்குப் படம் வராது. நான் வாறன்."

"நீங்க வந்து என்னக்கா பண்றது?"

"செடியையும் கொண்டு வாறன். அவர்ட தாள் தொங்கிற சுவரடியில இருந்து கீறுறன். எனக்கு ஒரு மேசை, ஒரு கதிரை காணும்."

"இதுக்கெல்லாம் கமிட்டி ஒத்துக்கணுமேக்கா!"

"அப்ப கமிட்டியோட நான் கதைக்கிறன்."

கதைத்தாள் என்றால் உண்மையாகவே போய்க் கதைத்தாள். கண்காட்சிக் குழுவுக்குத் தலைவி மதாம் லாவியோலெத் என்ற நரைத்த பெண். கண்ணாடிக்கு மேலால் பார்க்கிறவள். நாள் தவறினால் தவறினதுதான் என்று அவள் முதலிலேயே சொல்லிவிட்டாள். கயல் பிரெஞ்சுக்கும் தமிழுக்கும் நடுவில் நின்று வியர்த்தாள்.

"அவவிட்ட இதைக் கேளுங்க," என்றாள் சுதாஜினி. "அவர் என்ன கீறினாரெண்டு காட்டப் போறீங்களா, எப்பிடிக் கீறினாரெண்டு காட்டப் போறீங்களா? முடிஞ்ச படத்தில காத்திருந்தது தெரியாது. நான் அங்க இருந்தாத் தெரியும்."

கயல் அதைச் சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. மதாம் கண்ணாடியைக் கழற்றினாள். பிறகு ஒரு நிபந்தனை சொன்னாள். கண்காட்சி மார்கழி நடுவில் முடியும். கடைசி நாளுக்குள் இலை, பூ, விதை, வேர் நான்கும் தாளில் இருந்தால் அது வைடன்பாக்கின் தாளோடு நூலகத்தில் சேரும். ஒன்று குறைந்தாலும் மற்றவருடைய படம்தான் சேரும்.

"தாக்கோர்," என்றாள் சுதாஜினி. சரி என்கிற அந்த ஒரு பிரெஞ்சுச் சொல்லுக்குக் கயலின் உதவி தேவைப்படவில்லை.

பேக்கரியில் சனிக்கிழமையைக் கேட்டு வாங்கினாள். சனிக்கிழமை கேக்குக் கடையில் என்ன நாள் என்று உங்களுக்குத் தெரியும். முதலாளி முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் கொடுத்தார். முதல் சனிக்கிழமை விடியலில் பனி கொட்டியது. வாசலில் மச்சாள் நின்றாள், தன் பெரிய குளிர்க்கோட்டை விரித்துப் பிடித்தபடி.

"தொட்டியை இதுக்குள்ள வை. நான் தூக்கிறன். என்ர உடம்புச் சூட்டில வரட்டும்."

"கை நம்ப ஏலாதெண்டீங்க?"

"கோட்டுக்குள்ள இருந்தாப் பூவைக் காணமாட்டன்தானே. நட!"

ரெயிலில் டவுன்டவுன் வரைக்கும், அங்கிருந்து பஸ்சில், நகரம் இருக்கிற தீவின் அந்தக் கோடியில் உள்ள வளாகம் வரைக்கும் மச்சாள் கோட்டைத் திறக்கவில்லை. பஸ்சில் எதிரே இருந்த ஒரு வயசாளி, கழுத்தடியில் எட்டிப் பார்த்த பச்சையைக் கண்டு, அது என்ன என்று பிரெஞ்சில் கேட்டார். கார்டெரிப் பிரெஞ்சில் மச்சாள், "பெபே," குழந்தை என்றாள். அவர் தொப்பியைக் கழற்றி வாழ்த்தினார். சுதாஜினிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது.

மண்டபத்தில் கூட்டம் வந்தது. முதல் முதல் கீறத் தொடங்கியபோது கோடுகள் பிசகின. கேக்கைப் பார்க்கிறவர்கள் முடிந்த பிறகுதானே பார்ப்பார்கள். இங்கே பிழை விடும்போதே பார்த்தார்கள். அவள் அழித்தாள், திரும்பக் கீறினாள், திரும்ப அழித்தாள். ஒரு பொடிச்சி தாயிடம் ஏதோ முணுமுணுத்தாள். "அவவுக்குக் கீறத் தெரியாதான்னு கேக்குதுக்கா அது," என்று கயல் மெல்லச் சொன்னாள்.

"உண்மைதானே. இப்பதான் பழகிறன் எண்டு சொல்லுங்க."

அடுத்த சனிக்கிழமை பூ விரிந்தது, அந்த மேசையிலேயே. சுதாஜினி முகத்தைக் கிட்டக் கொண்டுபோனாள். ஒற்றை இதழ் என்றுதான் பிறந்த நாள் முதல் கேள்விப்பட்டிருந்தாள். அந்தப் பெரிய இதழுக்கு மேலே, நெல் உமியளவில், இன்னும் சின்ன இதழ்கள் ஒடுங்கி இருந்தன. சாம்பவனின் படத்திலிருந்து அவள் கீறி அழித்ததில் அவை இல்லை. சுவரில் இருந்த வைத்தியனின் தாளைத் திரும்பிப் பார்த்தாள். பெரிய இதழின் நிழலில் மயிரிழைக் கோடுகளாய் அவை அங்கே இருந்தன. அவ்வளவு நாளும் அழுக்கென்று நினைத்திருந்தாள். அன்றைக்கு முழுக்க அவள் தேத்தண்ணீரும் குடிக்கவில்லை. பூ வாடுமுன் பூ தாளில் இருந்தது.

காய் பிடித்தது. அது முற்ற வேண்டும், வெடிக்க வேண்டும். சனிக்கிழமைகள் போய்க்கொண்டிருந்தன, காயோ பச்சையாகவே தொங்கியது. கடைசி நாளும் வந்தது. மஞ்சள் பாரித்த காயையே பார்த்துக்கொண்டு சுதாஜினி கையைப் பிசைந்தாள். மச்சாள் கீழே வெள்ளைத் துணியை விரித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்திருந்தாள்.

"வெடியன்," என்று காயைப் பார்த்து அதட்டினாள். "என்ன, ஆராத்தி எடுக்கோணுமோ உனக்கு?"

நண்பகலுக்குப் பிறகு டக்கென்று ஒரு சின்னச் சத்தம். காய் மூன்று தோணிகளாய்ப் பிளந்தது. விதைகள் துணியை விட்டு எங்கெங்கோ பறந்தன. "என்ர கண்ணாடி!" என்று மச்சாள் கத்தினாள். அதில் ஒரு விதை ஒட்டி இருந்தது. "ஆடாதீங்க மச்சாள், அப்பிடியே நில்லுங்க," என்று சுதாஜினி அதை ஊசி முனையால் எடுத்து வெள்ளைத் தாளில் வைத்துக் கீறினாள்.

இனி வேர். அவள் தொட்டியைக் கிட்ட இழுத்ததும் ஆட்கள் திரும்பினார்கள். வாரா வாரம் அந்தச் செடியைப் பார்க்கவென்றே வந்தவர்கள் இருந்தார்கள். முதல் நாள் முணுமுணுத்த அந்தப் பொடிச்சி, "நோன்!", வேண்டாம் என்று அழுகிற குரலில் சொன்னாள். மதாம் லாவியோலெத் கூட நெஞ்சில் கை வைத்துக்கொண்டு கயலிடம் ஏதோ சொன்னாள்.

"அக்கா," என்றாள் கயல், "இப்படியே விட்டுடலாம்ங்கறாங்க. டாக்டர் தாள்லயும் வேர் இல்லல்ல? ரெண்டும் ஒரே மாதிரி இருந்தா அழகாத்தான் இருக்கும்னு. கண்டிஷன விட்டுக்குடுக்கறாங்களாம்."

சுதாஜினி செடியைப் பார்த்தாள். நுனியில் இன்னொரு மொட்டு சிவந்திருந்தது. பங்குனியிலிருந்து அவள் முகம் பார்த்து வளர்ந்த செடி. விட்டுவிட ஆசைதான், ஏன் இருக்காது? ஆனாலும் சொன்னாள்:

"அவருக்கு ஒரு நோயாளி இருந்தவ. எனக்குச் சொல்ல என்ன சாட்டு?"

கயல் அதை மெல்லப் பிரெஞ்சில் சொன்னாள். மதாம் தலையைக் குனிந்து ஒதுங்கி நின்றாள்.

மச்சாள் முன்னால் வந்தாள். செடிக்கு முன் கை கூப்பினாள். "தாயே, குறை நினையாத. விளையாட்டுக்குப் பிடுங்கயில்ல." பிறகு அந்தப் பொடிச்சியைக் கூப்பிட்டு, துணியில் மிஞ்சிய விதைகளில் கொஞ்சத்தை அவள் உள்ளங்கையில் வைத்து மூடினாள். "ப்ளோர்," என்றாள், கைகளால் பெரிதாக ஒரு பூவை விரித்துக் காட்டி. பொடிச்சி மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையாட்டினாள்.

சுதாஜினி மண்ணை விரலால் இளக்கினாள், அடித்தண்டைப் பிடித்தாள், இழுத்தாள். முதலில் வரவில்லை. அவ்வளவு சின்னச் செடிக்கு அவ்வளவு பிடி! இன்னும் ஆழமாய் விரலை விட்டு, மெதுவாய், மெதுவாய் எடுத்தாள். தண்ணீரில் அலசி ஈரத் துணியில் கிடத்தினாள்.

நேரான வேர் அல்ல. கொஞ்சத் தூரம் இறங்கி, சட்டென்று பக்கத்துக்கு வளைந்து, திரும்பக் கீழே போயிருந்தது. வளைந்த இடத்தில் தொட்டி மண்ணில் கலக்கிற அந்த வெள்ளைப் பொரிக்கல் ஒன்றை மெல்லிய நார்கள் சுற்றிப் பிடித்திருந்தன. வாவிக்கரை மணலில் அப்படி ஒரு கல் இருந்திருக்காது.

வாடுமுன் முடிக்க வேண்டும். மச்சாள் துணியை நனைத்து நனைத்துக் கொடுத்தாள். ஆட்கள் ஒவ்வொருவராய்க் குரலைத் தாழ்த்திக்கொண்டு சுற்றி நின்றார்கள். கோட்டுக்குக் கீழே பென்சில் இறங்கியது. அவசரப்படவில்லை, நிற்கவும் இல்லை. நார் பிரிகிற இடத்தில் பிரிந்தது, தடித்த இடத்தில் தடித்தது. வளைவில் வந்தபோது அவள் அந்தக் கல்லையும் கீறத் தொடங்கினாள்.

கயல் குனிந்தாள். "அத விட்டுடலாமேக்கா. அது செடி இல்லையே."

"வேர் அதுக்காகத்தான் வளைஞ்சது, புள்ள. அதை விட்டா இந்த வளைவு பொய்யாப் போகும்."

"ஆனா எந்தப் புத்தகத்துலயும்..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே கயலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுதாஜினி நிமிரவில்லை. கல்லின் சொரசொரப்பான பக்கத்துக்கு நிழல் போட்டாள். அதைப் பிடித்திருந்த நார்களை ஒவ்வொன்றாய்ப் பார்த்தாள், ஒவ்வொன்றாய்க் கீறினாள். மண்டபம் பூட்டுகிற மணி அடித்தபோது கடைசி நார் முனையில் பென்சில் நின்றது. மதாம் லாவியோலெத் தாளைத் தன் இரண்டு கையாலும் எடுத்து, வைத்தியனின் தாளோடு சேர்க்கக் கொண்டு போனாள்.

அவ்வளவுதான், என் செல்லங்களே. எழும்பிப் போகுமுன் ஒன்று சொல்லி விடுகிறேன். உங்கள் வீட்டு அடுப்பு எப்போதும் சூடாய் இருக்கட்டும். உங்கள் வீட்டில் நோய் கண்டவர் எழுந்து நடக்கட்டும். உங்கள் பிள்ளைகள் தங்கள் கண்ணால் பார்த்துத் தங்கள் வாயால் பேசட்டும். எந்தப் பனியில் வந்து விழுந்தாலும், எந்தக் கல் குறுக்கே கிடந்தாலும், உங்கள் குடும்பம் வேர் பிடித்து நன்றாய் இருக்கட்டும். போய் வாருங்கள், பனியில் கால் பார்த்து வையுங்கள்.